லோகோவிலேயே நின்ற கைப்பேசி

விஞ்ஞானம் நமக்களித்த கருவிகளுள் கைப்பேசியைப் போல் நம்மோடு ஒட்டி வாழ்வது பிறிதொன்றில்லை. அக்கருவி ஒருநாள் நிறுவனத்தின் பெயரை மட்டும் திரையில் காட்டி, அதற்கப்பால் நகராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? கடைக்காரர், "சாஃப்ட்வேர் போடணும்" என்பார். அவர் போடுவது என்ன, அதனால் நாம் இழக்கக்கூடியது என்ன என்று காண்போம்.

கருவியோடு பிணைந்த ஆணைத் தொகுதிக்கு ‘ஃபர்ம்வேர்’ என்ற பெயரை 1967-இல் வழங்கியவர் கணினி அறிஞர் ஆஷர் ஆப்லர். இன்று கைப்பேசியில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படும் மென்பொருள் முழுவதையும் அச்சொல்லால் குறிக்கிறோம். அது மின்சாரம் நின்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. ஆயினும் புதுப்பிக்கும்போது பாதியில் தடைப்பட்டாலோ, நினைவகம் பழுதடைந்தாலோ அது சிதைந்துவிடும்.

கைப்பேசி கோளாறு செய்தவுடன் பலரும் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்கிறார்கள். இது அவசர புத்தி என்றே நாம் சொல்வோம். ரீசெட் நமது படங்களையும் செயலிகளையும் அழிக்குமேயன்றி, சிதைந்த மூல மென்பொருளைச் சரிசெய்யாது. வீட்டின் சுவர் விரிசல் கண்டிருக்க, பாத்திர பண்டங்களை வெளியே எறிவது போன்றது அது! திரை வருமாயின், முதலில் ‘சேஃப் மோடு’ எனும் நிலையில் இயக்கிப் பார்க்க வேண்டும். அதில் ஒழுங்காக வேலை செய்தால் குற்றம் நாம் ஏற்றிய ஏதோ ஒரு செயலியுடையது. மென்பொருளை மாற்ற வேண்டியதே இல்லை.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் எவ்வாறு? சாம்சங் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். ‘ஓடின்’ என்னும் செயலி உள்ள விண்டோஸ் கணினியோடு அதை இணைப்பார்கள். மூல மென்பொருள் நான்கு கோப்புகளாக வரும். பி.எல். என்பது கைப்பேசியை எழுப்பும் பகுதி, ஏ.பி. முக்கிய மென்பொருள், சி.பி. தொலைபேசித் தொடர்புக்குரியது, சி.எஸ்.சி. அந்தந்த நாட்டுக்கும் சேவை நிறுவனத்துக்கும் உரிய அமைப்பு. மாடல் எண் ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது. பி.எல். பகுதி முன்பிருந்ததைவிடப் பழைய நிலையினதாக இருந்தால் கைப்பேசி ஏற்க மறுத்துவிடும். வேலை முடிந்ததும் ஓடின் பச்சை நிறத்தில் ‘பாஸ்’ என்று காட்டும். பத்தாம் வகுப்பில் இருக்கும் நமக்கு இதைவிட இனிய சொல் உண்டோ!

கவனிக்க வேண்டிய இடம் சி.எஸ்.சி.தான். அது இரு வகையில் வரும். வெறும் சி.எஸ்.சி.யைத் தேர்ந்தால் அனைத்தும் அழியும். ‘ஹோம் சி.எஸ்.சி.’யைத் தேர்ந்தால் நம்முடைய படங்களும் செய்திகளும் பெரும்பாலும் தப்பும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில், மறைந்த பாட்டி பேசி அனுப்பிய குரல் செய்திகள் அவள் தாயாரின் கைப்பேசியில் மட்டுமே இருந்தன. பழுது பார்த்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பேசி உயிர் பெற்றது. பாட்டியின் குரல் போய்விட்டது. தற்காலக் கைப்பேசிகளில் விவரங்கள் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், அழித்ததும் திறவுகோலும் அழிகிறது. பின்னர் எந்த நிபுணராலும் மீட்க இயலாது. எனவே கடையில் கொடுக்கும்போதே, "உள்ளே இருப்பது அழியாமல் செய்ய முடியுமா?" என்று கேட்க வேண்டும். ஹோம் சி.எஸ்.சி.யும் முழு உத்தரவாதம் அன்று. ஆகவே நல்ல நிலையில் இருக்கும்போதே பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

புதிய மென்பொருளுடன் முதன்முறை எழும்போது கைப்பேசி சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பயந்து அணைத்துவிடக் கூடாது. எல்லாம் அழிக்கப்பட்டிருந்தால் பழைய கூகுள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். திருடர்களுக்கு எதிராக 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 கொண்டுவந்த காவல் இது. சொல்லத் தெரியாவிட்டால் உரியவரையும் உள்ளே விடாது. அம்மாவின் கடவுச்சொல் வீட்டில் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.