இரண்டாவது கார்: ஆண்டும் ஆவணமும்

மைசூரு விஜயநகரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குச் சென்றுவிடுகிறார். வீட்டில் இருப்போர் மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், மூட்டுவலியால் ஆட்டோவில் ஏறி இறங்க இயலாத மாமியார். இரண்டாவது கார் தேவைப்படுகிறது. சேமிப்பும் கடனும் சேர்ந்து நான்கு லட்சம் ரூபாயைத் தாண்ட இயலாது. ஆகவே பழைய கார்தான்.

‘ஊருக்குள் ஓட்டத்தானே, எதுவானால் என்ன?’ என்னும் எண்ணம் இங்கே எழுகிறது. தவறான தேர்வு பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறது. குழந்தைகளும் முதியோரும் மிகுதியாக அமரப்போவது இரண்டாவது காரில்தான். நாளை மகன் ஓட்டிப் பழகுவதும் அதில்தான். ஹுன்சூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் விஜயநகருக்கு அருகிலேயே உள்ளன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு விரைவுச்சாலைக்கும் இவ்வண்டி ஒருநாள் செல்லத்தான் போகிறது.

எனவே நிறத்தையும் கிலோமீட்டரையும் கேட்குமுன் உற்பத்தி ஆண்டைக் கேட்க வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் மிகுதியாக விற்பனையான ஐந்து சிறு கார்களின் காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளை மோதிப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பின்னர் விதிகள் மாறின. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக்கும், அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021 இறுதியில்தான் கட்டாயமாயிற்று. ஒரே விலைக்கு 2014ஆம் ஆண்டின் பெரிய காரும் 2019 இறுதியில் வந்த சிறிய காரும் கிடைத்தால், பெரியதன் அடிப்படை வகையைவிடச் சிறியதே மேல் என்பது என் கருத்து. பழைய கார்களிலும் உயர் வகைகளில் இரு காற்றுப்பைகள் இருந்ததுண்டு. ஆகவே பெயரை மட்டும் கேட்காமல் வகையையும் கேட்டறிய வேண்டும்.

காற்றுப்பை இருப்பதாகச் சொன்னால் போதாது. சாவியைத் திருப்பியதும் அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது உண்டு. ஒருபோதும் எரியாவிட்டால் ஐயம் இன்னும் வலுக்க வேண்டும். பழுதை மறைக்க யாரோ விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம்.

சென்னையிலுள்ள உறவினர் வழியாக மலிவாக ஒரு வண்டி வருகிறதா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்நகரில் எண்ணற்ற கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள்: இருக்கையைக் கழுவியவர் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவியிருக்க மாட்டார். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தடத்தில் துருவும் தரைவிரிப்பின் கீழே வண்டலும் இருந்தால் விலை பேச வேண்டியதில்லை. வெளிமாநில வண்டிக்கு அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும், கர்நாடகத்தின் ஆயுட்கால வரியும் தேவை. அவ்வரியைக் கூட்டிப் பார்த்தால் சென்னை மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். மைசூருவின் கேஏ-09, கேஏ-55 பதிவெண் கொண்ட வண்டிகளையே முதலில் தேடுவது நல்லது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று, விற்பவருக்கு அறிமுகமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்.

இனி ஆவணங்கள். வங்கியில் நாங்கள் அடிக்கடி காண்பது, கடன் அடைந்தும் பதிவுச் சான்றில் அடமானக் குறிப்பு நீக்கப்படாத வண்டிகளைத்தான். கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் முன்பணம் தர வேண்டாம். சேசிஸ் எண்ணைச் சான்றோடு ஒப்பிட்டபின், உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி தானே மாறிவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடோ பெயர் மாறாமல் பயன் தராது. பழைய உரிமையாளரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவருக்கே உரியது, காரோடு வராது.

விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது.

பழைய காருக்கான கடனுக்குப் பொதுவாக வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு. கடன்தொகையும் பேசிய விலையைவிட மதிப்பீட்டாளர் குறிக்கும் மதிப்பையே சார்ந்திருக்கும். ஆகவே நான்கு லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிடாமல், மூன்றரை லட்சத்துக்குள் வண்டியை முடிக்கப் பாருங்கள். மீதி ஐம்பதாயிரம் டயர், பேட்டரி, காப்பீடு, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு முதல் மாதத்திலேயே தேவைப்படக்கூடும்.