வீடியோ கூட்டத்தில் ஏஐ எழுதும் குறிப்பு: மருந்தளவைச் சரிபார்த்த பிறகே தெளிக்கவும்

மக்காச்சோளத்தில் படைப்புழுவைக் கட்டுப்படுத்த எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம் வீதம் கலந்து, குருத்தில் நன்கு படும்படி தெளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. 10 லிட்டர் பிடிக்கும் கைத்தெளிப்பானுக்கு இது 4 கிராம் ஆகும். வீடியோ கூட்டத்தில் விஞ்ஞானி "டாங்குக்கு நாலு கிராம்" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். கூட்டக் குறிப்பில் "4 கிராம்" என்பது மட்டும் பதிவாகி, அது வாட்ஸ்அப் வழியாக ஊருக்குள் போகிறது. படிப்பவர் அதை லிட்டருக்கு 4 கிராம் என்று எடுத்துக்கொண்டால் மருந்து பத்து மடங்காகிவிடும். செலவும் பத்து மடங்கு. தெளிப்பவர் உடம்புக்கும், பின்னர் அந்தத் தட்டையைத் தின்னும் மாட்டுக்கும் ஆபத்து.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது முதல் வேளாண் பயிற்சிகள் பலவும் வீடியோ கூட்டங்களாக நடக்கத் தொடங்கின. உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் இயக்குநர்களும் இம்முறையில் கூடிப் பேசுகின்றனர். இப்போது இக்கூட்டங்களில் குறிப்பெழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ, ஏற்றுக்கொண்டு வருகிறது. ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகிய மூன்றிலும் 2023, 2024 ஆண்டுகளில் இவ்வசதி வந்துவிட்டது. பெரும்பாலும் கட்டணம் செலுத்திய கணக்குகளில்தான் இது கிடைக்கும். கூட்டத்தைக் கூட்டுபவர் இதை இயக்கினால், பேசுவதையெல்லாம் கேட்டு, கூட்டம் முடிந்த சில நிமிடங்களில் சுருக்கக் குறிப்பு தயாராகிவிடும்.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. மாலையில் பால் கறக்கும் நேரத்தில் கூட்டம் நடந்தால் வீட்டுப் பெண்கள் பலரால் கலந்துகொள்ள முடிவதில்லை. அவர்கள் இரவில் ஓய்வாகக் குறிப்பைப் படித்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரப் பேச்சில் நிலக்கடலையைப் பற்றி மட்டும் என்ன பேசப்பட்டது என்று கேட்டால் அதை எடுத்துத் தரும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது தரும் குறிப்பு நகல்தான். ஒருவர் படித்துத் திருத்தி ஒப்புக்கொள்ளும் வரை அதைப் பரிந்துரையாகக் கொள்ளக் கூடாது.

தவறு எங்கே நேர்கிறது?

ஏஐ உதவியாளர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிறது. பிறகு அந்த எழுத்தைப் படித்துச் சுருக்குகிறது. முதல் வேலையில் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால், இரண்டாவது வேலையில் அத்தவறு நல்ல நடையில், சற்றும் சந்தேகம் வராத வாக்கியமாக அமைந்துவிடும். கையால் எழுதிய குறிப்பில் அடித்தல் திருத்தல் இருக்கும். எழுதியவர் தடுமாறிய இடம் பார்த்தவுடன் தெரியும். இயந்திரம் எழுதியதில் அந்த அடையாளம் கிடையாது.

சொல்லாததை எழுதுவதும் உண்டு. பேச்சை எழுத்தாக்கும் 'விஸ்பர்' என்ற மென்பொருளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளைக் கொண்டு சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பதிவில், யாரும் பேசாத சொற்றொடர்களை அது தானாகச் சேர்த்திருந்தது. பேசுபவர் இடையிடையே அதிக நேரம் நிறுத்தினால் இத்தவறு கூடுகிறது என்றும் தெரியவந்தது. கிராமத்தில் சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கும் இடத்திலிருந்து பேசுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ்ப் பேச்சில் வேறு சிக்கல்களும் உள்ளன. நம் மொழியில் "கூடாது", "வேண்டாம்" என்ற மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. "பூக்கும் சமயத்தில் மருந்து அடிக்க வேண்டாம்" என்று சொல்லும்போது கடைசிச் சொல்லில் சிக்னல் அறுந்தால் மிஞ்சுவது "பூக்கும் சமயத்தில் மருந்து அடிக்க" என்பதே. மீதியை இயந்திரம் தன் ஊகத்தால் நிரப்பும். அதேபோல், "பொட்டாஷ் இன்னொரு தடவை போடலாமா?" என்று விவசாயி கேட்ட கேள்வியில் கடைசி எழுத்தான 'மா' என்பது 'ம்' என்று பதிவானால் அது "போடலாம்" என்ற பரிந்துரையாகிவிடும்.

இந்த 'மா' வேறு விதத்திலும் தொல்லை தரும். தஞ்சை, திருவாரூர் பக்கத்தில் "மூணு மா நட்டிருக்கேன்" என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நெல் நட்டிருப்பதாகப் பொருள். இயந்திரம் அதை மூன்று மாமரம் என்று எழுதினால் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. "தொண்டைக்கதிர்" என்பது கதிர் வெளிவரும் முன்பு உள்ள பருவம் என்றோ, "குருணை" என்பது அரிசிக் குருணை அல்ல, வயலில் தூவும் குருணை மருந்து என்றோ அதற்குத் தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒன்றரை, இரண்டே கால், முக்கால் என்று நாம் சொல்லும் பின்னங்களையும் எண்ணாக மாறிய பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது.

யார் சொன்னது என்பதிலும் குழப்பம் வரும். ஒரு செல்போனைச் சுற்றிப் பத்து விவசாயிகள் உட்கார்ந்து பேசினால், பத்துப் பேர் பேச்சும் அந்தச் செல்போன்காரர் பெயரிலேயே பதிவாகலாம். "நான் இதைத்தான் அடிச்சேன், புழு போயிடுச்சு" என்று பக்கத்து வயல்காரர் சொன்னது, விஞ்ஞானி சொன்னதற்கு அடுத்த வரியில் அதே நடையில் நிற்கும். பின்னால் படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. மருந்துப் பெயரும் அளவும் தவறுவதைவிட இது மோசமானது என்றே சொல்ல வேண்டும். அளவு மிகையாக இருந்தால் அனுபவசாலி ஒருவர் சந்தேகப்படுவார். பரிந்துரைக்கப்படாத ஒரு மருந்து விஞ்ஞானி பெயரில் வந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

எப்படிப் பேச வேண்டும்?

அளவைச் சொல்லும்போது எதற்கு எவ்வளவு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். "டாங்குக்கு" என்பது போதாது. 10 லிட்டர் டாங்கும் உண்டு, 16 லிட்டர் பிடிக்கும் பேட்டரி தெளிப்பானும் உண்டு. மேலே சொன்ன மருந்து 16 லிட்டருக்கு 6.4 கிராம் ஆகும். ஆகவே "ஒரு லிட்டர் தண்ணீருக்குப் புள்ளி நான்கு கிராம், பத்து லிட்டருக்கு நான்கு கிராம்" என்று இரண்டு விதமாகவும் சொல்வது நல்லது. ஒன்று தவறாகப் பதிவானாலும் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஏக்கர், ஹெக்டேர் குழப்பமும் இத்தகையதே. இறவை நிலக்கடலைக்கு 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட வேண்டும். ஏக்கருக்கு இது 160 கிலோ. குறிப்பில் "400 கிலோ ஜிப்சம்" என்று மட்டும் இருந்தால், ஏக்கர் கணக்கில் பழகிய விவசாயி இரண்டரை மடங்கு வாங்கிவிடுவார். ஜிப்சத்தில் கைப்பணம் போவதோடு சரி. களைக்கொல்லியில் இதே தவறு நேர்ந்தால் பயிரே கருகிப் போகும்.

செய்யக் கூடாததைச் சொல்லும்போது வழக்கத்தை மாற்றி மறுப்பை முன்னால் வைக்கலாம். "செய்யக் கூடாதது ஒன்று சொல்கிறேன்" என்று தொடங்கிவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொன்னால், வாக்கியத்தின் வால் அறுந்தாலும் பொருள் மாறாது. பேசும் விவசாயி ஒவ்வொரு முறையும் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். மோட்டார் ஓடும் கொட்டகையிலிருந்தும், காற்று வீசும் திறந்த வயலிலிருந்தும் பேசுவதைத் தவிர்க்கவும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, அளவை எழுத்தால் அனுப்பிவிடுவது. வீடியோ கூட்டத் திரையில் செய்தி தட்டச்சு செய்யும் இடம் உண்டு. விஞ்ஞானி மருந்தின் பெயர், அதன் வீரியம், அளவு, தெளிக்க வேண்டிய நாள் ஆகியவற்றை அதில் எழுதினால், காதால் கேட்டு எழுதும் தவறுக்கு இடமில்லை. தமிழிலேயே எழுதலாம். பங்கேற்கும் விவசாயிகள் அவரை இப்படி எழுதச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

குறிப்பு கைக்கு வந்த பின்

கூட்டக் குறிப்பை முழுதும் படிக்க நேரமில்லை என்றால், எண்கள் உள்ள இடங்களை மட்டுமாவது பார்க்க வேண்டும். குறிப்பில் வந்துள்ள எண்களையெல்லாம், அவை வந்த பேச்சு வாக்கியத்தோடு சேர்த்துக் காட்டும்படி ஏஐ உதவியாளரிடமே கேட்கலாம். சந்தேகமான இடத்தில் கூட்டத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கவும். அதே உதவியாளரிடம் "இந்த அளவு சரியா?" என்று கேட்டு, "சரி" என்று வந்த பதிலை நம்பிவிடக் கூடாது. தவறாக எழுதியதே அதுதான். மருந்துப் பெட்டியுடன் வரும் துண்டுப் பிரசுரத்தில் பயிர், அளவு, தெளித்த பின் காத்திருக்க வேண்டிய நாட்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாறுபட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணிலோ கேட்கலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இந்த எண்ணில் தமிழில் பதில் கிடைக்கும்.

உற்பத்தியாளர் கம்பெனிகளின் கவனத்திற்கு

இயக்குநர் குழுக் கூட்டத்தில் ஏஐ உதவியாளரைச் சேர்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டங்கள் பற்றிய 2014ஆம் ஆண்டுக் கம்பெனி விதிகள் வீடியோ கூட்டத்தை அனுமதிக்கின்றன. ஆனால் இயக்குநரைத் தவிர வேறு யாரும் அவர் இடத்திலிருந்து கூட்டத்தைக் கேட்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தலைவரிடம் ஒப்படைத்துள்ளன. வெளி நிறுவனத்தின் குறிப்பெழுதும் மென்பொருள் சில சமயம் ஓர் ஆளைப் போலவே பெயரோடு கூட்டத்தில் வந்து நிற்கும். அதை யார் அழைத்தார்கள், பேச்சு எங்கே சேமிக்கப்படுகிறது, குறிப்பு யார் யாருக்குத் தானாகப் போகிறது என்பதைத் தலைவர் முதலிலேயே கேட்டறிய வேண்டும். உறுப்பினரின் கடன் பாக்கி, கொள்முதல் விலைப்புள்ளி போன்றவை பேசப்படும்போது அதை நிறுத்திவைப்பதே முறை.

தீர்மானங்களில் தவறு வந்தால் பணம் கையை விட்டுப் போகும். "விதை நிலக்கடலை கிலோ 95 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கலாம்" என்று ஓர் இயக்குநர் சொன்னது, "கிலோ 95 ரூபாய்க்கு விதை நிலக்கடலை வாங்க முடிவு செய்யப்பட்டது" என்று குறிப்பில் ஏறலாம். சுருக்கும்போது 'தால்' என்ற நிபந்தனை முதலில் உதிர்ந்துவிடும். மேற்சொன்ன விதிகளின்படி நடவடிக்கைக் குறிப்பின் நகல் 15 நாட்களுக்குள் எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் நகல் கிடைத்த 7 நாட்களுக்குள், அல்லது குழு முடிவு செய்யும் நியாயமான காலத்துக்குள், தங்கள் கருத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். நகலை எழுதியது இயந்திரம் என்பதால் இதில் விலக்கு கிடையாது. ஆகவே இயக்குநர்கள் நகல் வந்தவுடன் தொகை, விலை, தேதி, பொறுப்பேற்றவர் பெயர் ஆகியவற்றைப் படித்து, மாறுபாடு இருந்தால் கடிதமாகவோ செய்தியாகவோ உடனே எழுதி அனுப்பவும்.

தவறான குறிப்பு ஏற்கெனவே விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால், பழைய செய்தியை அழித்தால் மட்டும் போதாது. அதற்குள் பலர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்கள். "திருத்தம்" என்று தலைப்பிட்டு, தவறான அளவையும் சரியான அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தேதியுடன் மீண்டும் அனுப்ப வேண்டும். அன்றோ மறுநாளோ மருந்து தெளிக்கவிருப்பவர்கள் யார் என்று விசாரித்து, அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லவும். விடியற்காலையில் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர் அதற்கு முன் செல்போனை எடுத்துப் பார்ப்பார் என்பது நிச்சயமில்லை.