ஏரிக்கரை மணலில் ஆடு புலி ஆட்டம்: காலி இடத்தை எண்ணி ஆடும் முறை

ஆடு புலி ஆட்டத்துக்குப் பலகை வாங்க வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரியைக் கடந்தால் வரும் பசியாவரம் மாதிரி ஊரில் வேண்டியதெல்லாம் காலடியிலேயே கிடக்கிறது. கோடு கிழிக்க ஈர மணல், ஆட்டுக்கு மட்டி ஓடு, புலிக்கு வலையில் கோக்கும் ஈயக்குண்டு. உயிருள்ள மட்டியை எடுக்காதீர்கள், கரையில் ஒதுங்கிய வெற்று ஓடே போதும். பருவமழையில் தோணி கரையேறிவிட்ட நாள்களில் பத்து வயதுப் பிள்ளையும் தாத்தாவும் சரிசமமாக உட்கார்ந்து ஆடலாம். இந்த ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம் உண்டு. அங்கே சீட்டுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இங்கே சீட்டும் இல்லை, தாயக்கட்டையும் இல்லை, முழுக்க முழுக்கக் கணக்குதான்.

முதலில் கட்டம். தண்ணீர் ஏறாத, ஆனால் ஈரம் காயாத மணலாகப் பாருங்கள். வலைநூல் ஒன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டால் கோடு நேராக வரும். புலி நேர்கோட்டில்தான் தாண்டும் என்பதால் கோடு கோணினால் சண்டை வரும்.

மூன்று சாண் நீளத்துக்கு அடிக்கோடு போடுங்கள். அதன் நடுவுக்கு நேர் மேலே நான்கு சாண் தள்ளி ஒரு புள்ளி, அது உச்சி. அடிக்கோட்டை மூன்று சம பங்காக்கினால் இரு முனைகளும் சேர்ந்து நான்கு புள்ளிகள் கிடைக்கும். உச்சியிலிருந்து அந்த நான்குக்கும் கோடு இழுங்கள். பிறகு உச்சிக்குக் கீழே சாணுக்கு ஒன்றாக மூன்று குறுக்குக் கோடுகள்: மேல்வரி, நடுவரி, கீழ்வரி. ஒவ்வொன்றும் நான்கு சாண் நீளம், முக்கோணத்துக்கு வெளியே இரு பக்கமும் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நீட்டிய முனைகளை இடப்பக்கம் ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் இணைத்துவிடுங்கள். இப்போது கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். உச்சி 1, மூன்று வரிகளிலும் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4, மொத்தம் 23. எண்ணிக்கை குறைந்தால் ஏதோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

புலி 3, ஆடு 15. ஒரு புலியை உச்சியிலும் மற்ற இரண்டை மேல்வரியின் நடு இரண்டு இடங்களிலும் வைத்துத் தொடங்குவது பரவலான வழக்கம். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக இறக்குவார். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. முதல் முறையிலிருந்தே கோட்டு வழியே பக்கத்துக் காலி இடத்துக்குப் போகலாம். பக்கத்தில் ஆடு நின்று, அதற்கு நேர் அப்பால் காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம், முறைக்கு ஒன்றுதான். புலி புலியைத் தாண்டாது, ஆடு எதையுமே தாண்டாது. மூன்று புலிகளும் நகர வழியின்றிக் கட்டுப்பட்டால் ஆடு வென்றது. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆறு என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

விதி இவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிட்டு, காயையே பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். பார்க்க வேண்டியது காலி இடத்தை. ஒரு சேதமும் இல்லாமல் பதினைந்து ஆடும் இறங்கிவிட்டால் 23-இல் 18 நிரம்பி, புலிக்கு மூச்சுவிட 5 இடமே மிஞ்சும். ஓர் ஆடு வெட்டுப்பட்டால் அது 6 ஆகும். ஆட்டுக்காரர் இழப்பது ஒரு காயை மட்டுமல்ல, புலிக்கு ஓர் இடத்தையும் கொடுத்துவிடுகிறார்.

ஆட்டை எங்கே வைப்பது? கட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். ஏழு இடங்களில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் எப்போதும் வெட்ட முடியாது: உச்சி, மேல்வரியின் இரு முனைகள், கீழ்வரியின் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். அங்கெல்லாம் கோடு முடிகிறது அல்லது திரும்புகிறது, நேராகக் கடந்துபோவதில்லை. உச்சியில் புலி உட்கார்ந்திருப்பதால் மற்ற ஆறில் முதல் ஆறு ஆடுகளை இறக்குங்கள். அடுத்து நடுவரியின் இரு முனைகள். மேலும் கீழும் உங்கள் ஆடுகளே நிற்பதால் அவற்றுக்கும் ஆபத்தில்லை. பிறகு அடிக்கோட்டின் நடு இரண்டு இடங்கள். ஆக, பத்து ஆடுகள் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கிவிட்டன. வரிசை மாறக் கூடாது: முனைகள் நிரம்பும் முன் நடுவில் வைத்த ஆடு புலிக்கு இரை. மிச்ச ஐந்தைக் கீழ்வரியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி, முதுகுக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு ஆடு இருக்கும்படி வையுங்கள்.

புலிக்காரர் சும்மா இருக்கமாட்டார். முனை ஒன்றில் தானே வந்து உட்கார்ந்து உங்கள் வரிசையைக் கெடுக்கப் பார்ப்பார். வரட்டும். மேல்வரி முனையில் நிற்கும் புலிக்கு வெளியேற இரண்டே வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆடு என நான்கு ஆடுகளால் அதைக் கட்டிவிடலாம். உச்சியில் தனியாக நிற்கும் புலியைக் கட்ட எட்டு தேவை.

புலி ஆடுபவருக்கும் இதே கணக்குதான் வழிகாட்டி. ஓரத்துக்குப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், புலிகளை ஒட்டி நிறுத்தாதீர்கள். தொடக்கத்தில் வைத்த இடத்திலேயே மூன்றும் நின்றால் அவற்றைச் சுற்றிக் கட்டப் பத்து ஆடுகளே போதும், ஏனென்றால் ஒரே ஆடு இரண்டு புலிகளை மறிக்கிறது. (வைத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கு இது நல்ல புதிர்.) ஆகவே சீக்கிரமே கீழே இறங்கிப் பரவுங்கள். ஒரே நகர்வில் இரண்டு ஆடுகளை மிரட்டும் இடத்தைத் தேடுங்கள். ஆட்டுக்காரரால் ஒரு முறைக்கு ஓர் இடத்தைத்தான் அடைக்க முடியும்.

ஆடுகள் நகரத் தொடங்கிய பிறகுதான் பொறுமை தேவை. முன்னே போன ஆட்டின் பழைய இடம் காலியாகிறது. புலி இறங்குவதற்கு அதுவே இடம். பக்கத்தில் புலி இல்லாத நேரம் பார்த்து ஓர் ஆட்டை முன்னே விடுங்கள், அடுத்த முறையே பின்னால் நிற்பதை நகர்த்தி ஓட்டையை அடையுங்கள். வலையை இரு பக்கமும் சேர்ந்து இழுப்பதுபோல், இடமும் வலமும் மாறிமாறி நெருங்க வேண்டும்.

ஏரியின் ஆந்திரப் பக்கத்திலும் இந்த ஆட்டம் உண்டு, அங்கே அது புலி-மேக. நேபாளத்துப் பாக்-சாலில் 25 இடங்கள், 4 புலிகள், 20 ஆடுகள். அதைக் கணினியில் அலசியவர்கள், இருவரும் பிழையின்றி ஆடினால் முடிவு சமநிலைதான் என்று காட்டியிருக்கிறார்கள். மணலிலும் அப்படி இழுபறி வரலாம். ஒரே நிலை மூன்றாம் முறை திரும்பினால் ஆட்டத்தை அத்துடன் நிறுத்துங்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் பக்கம் மாறுங்கள். புலி கட்டுப்படாமல் நின்ற சுற்றாக இருந்தாலும் இழந்த ஆடுகளை எண்ணிக் குறித்துவையுங்கள். இரண்டு சுற்றிலும் சேர்த்து, குறைவான ஆட்டை இழந்தவரே வென்றவர்.