பின்னச்சு விகிதமும் பின்னால் வரும் வீடும்

கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் பின்னச்சு விகிதம் என்று எழுதி 2 மார்க் வாங்கிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73. அவ்வளவுதானே! ஆனால் அமெரிக்காவில் பிக்கப் வாங்கப் போகிறவருக்கு இந்த ஒற்றை எண்தான் பெரிய தலைவலி.

காரணம் டிராவல் டிரெய்லர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த ஒரு சின்ன வீட்டையே வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். 3,000 கிலோ எடை சர்வ சாதாரணம். இழுக்கும் வண்டியையும் ஆட்களையும் சேர்த்தால் மொத்தம் 5,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

2013 மாடலில் 8 கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்த ராம் 1500 நல்ல உதாரணம். அதற்கு 3.21, 3.55, 3.92 என்று பின்னச்சு விகிதங்கள் உண்டு. எண் பெரிசானால் சக்கரத்தில் முறுக்குவிசை கூடும், இன்ஜினும் அதிகம் சுற்றும். 32 அங்குல டயரில் 100 கி.மீ. வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 650 சுற்று. எட்டாவது கியர் 0.67. ஆக, 3.21 அச்சில் இன்ஜின் சுமார் 1,400, 3.92-ல் சுமார் 1,700.

"அப்படின்னா இழுவைக்கு 3.92-தான்!" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கணக்கை இன்னும் ஒரு படி போட்டுப் பாருங்கள். ஏழாவது கியர் 0.84. அதை 3.92-ஆல் பெருக்கினால் 3.29. ஆறாவது கியர் 1.00, அதை 3.21-ஆல் பெருக்கினால் 3.21. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! அதாவது 3.21 வண்டிக்காரர் ஒரு கியர் இறக்கினால் 3.92 வண்டிக்குச் சமமாகிவிடுகிறார். இறக்க வழியில்லாத இடம் முதல் கியர் ஒன்றுதான். 4.71-ஐப் பெருக்கினால் ஒன்றில் 15.1, மற்றதில் 18.5, இழுவிசையில் 22 சதவீத வித்தியாசம். மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போதும், டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றும்போதும்தான் அந்தக் காசின் அருமை தெரியும்.

பழைய 4 கியர் வண்டிகளில் கதையே வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ பெட்டியில் மூன்றாவது 1.00, இரண்டாவது 1.63. நடுவில் ஒன்றுமே இல்லை. மூன்றில் மூச்சுத் திணறும், இரண்டில் அலறும். அங்கே பின்னச்சைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பயணமே போச்சு. பெரிய எண்ணையே வாங்கு என்ற அறிவுரை அந்தக் காலத்துக்கு ரொம்பச் சரி. இன்றைக்கும் அதை அப்படியே ஒப்பிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று, விகிதம் எதுவானாலும் குதிரைசக்தி கூடாது. கொலராடோவில் ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஏறுகிறது. உயரம் சுமார் 3,400 மீட்டர். 7 சதவீத ஏற்றத்தில் நம் 5,500 கிலோவை 80 கி.மீ. வேகத்தில் ஏற்ற, காற்றையும் உருளல் தடையையும் சேர்க்காமலே 84 கிலோவாட் வேண்டும். அந்த உயரத்தில் டர்போ இல்லாத இன்ஜின் கால் பங்குக்கு மேல் சக்தியை இழந்து நிற்கும். எந்தக் கிரவுன் பினியனும் அதைத் திருப்பித் தராது. இறங்கும்போது மட்டும் பெரிய விகிதம் இன்ஜின் பிரேக்குக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

எடை விஷயத்தையும் மறக்கக் கூடாது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக இழுக்கும் வண்டியின் மேல்தான் உட்காரும். நம் கணக்கில் 300 முதல் 450 கிலோ. ஆட்கள், சாமான்களோடு இதையும் வண்டியின் சுமை அளவுக்குள் அடக்க வேண்டும். 3.92 போட்டதால் ஸ்பிரிங்கோ பிரேக்கோ பலமாகிவிடாது.

அழகுக்காக 35 அங்குல டயர் மாட்டுகிறவர்களும் உண்டு. 3.92-ஐ 32-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 3.58. காசு கொடுத்தது 3.92-க்கு, ஓடுவது ஏறக்குறைய 3.55! அப்புறம் அச்சை மாற்றலாம் என்றால், நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.