கும்மிருட்டில் கைகொடுக்கும் சிறு விளக்கு
பேட்டரிக் கட்டைகளில் எல்.இ.டி. விளக்கை ஆபத்தின்றி எரிக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயலும் மழையும் வந்தால் முதலில் நிற்பது மின்சாரம்தான். 2011 டிசம்பர் 30-ல் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலின்போதும், 2018 நவம்பர் 16-ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலின்போதும் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில், சில வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லை என்பதற்காக மாடு கன்று போடாமல் இருப்பதில்லை. வாய்க்கால் உடைப்பும் விடியும் வரை காத்திருப்பதில்லை.

இத்தகைய இரவுகளில் சிம்னி விளக்கையோ மெழுகுவர்த்தியையோ மாட்டுக் கொட்டகைக்குள் கொண்டு செல்வது பெரும் ஆபத்து. மேலே கீற்று, கீழே வைக்கோல், நடுவில் மிரண்டு நிற்கும் மாடு. ஒரு உதை போதும். கொட்டகையும் கட்டியிருக்கும் கால்நடைகளும் சேர்ந்து எரியும். விளக்கே இல்லாமல் வரப்பில் நடப்பதும் நல்லதல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு என்பதை உழவர்கள் அறிவார்கள்.

இதற்கு எளிய மாற்று, 1 வாட் எல்.இ.டி. ஒன்றைச் சிறு பேட்டரிக் கட்டைகளில் எரிப்பது. செலவு குறைவு, ஒளி அதிகம். ஆனால் முறை தெரியாமல் இணைத்தால் விளக்கு கருகும். பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். எனவே முறையை அறிந்து செய்தல் அவசியம்.

எல்.இ.டி.யின் குணம்

பழைய குண்டு பல்பில் மின் அழுத்தம் சிறிது கூடினால் ஒளியும் சிறிது கூடும், அவ்வளவுதான். எல்.இ.டி. அப்படியல்ல. இதை ஏரிக் கலிங்கோடு ஒப்பிடலாம். நீர் கலிங்கு மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை ஒரு சொட்டும் வெளியேறாது. மட்டத்தைத் தாண்டி அரை அடி ஏறினால் வெள்ளமாகப் பாயும். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2.7 வோல்ட் வரை மின்னோட்டம் மிகக் குறைவு. 3.0 முதல் 3.4 வோல்ட்டுக்குள் அது தனக்குரிய முழு ஓட்டத்தை எட்டிவிடும். அதற்கு மேல் அழுத்தம் சிறிது கூடினாலும் ஓட்டம் கட்டுமீறும்.

1 வாட் எல்.இ.டி. தாங்கும் ஓட்டம் சாதாரணமாக 350 மில்லி ஆம்பியர். இதை மீறினால் உள்ளே இருக்கும் சில்லு சூடேறும். சூடு ஏற ஏற எல்.இ.டி.க்கு வேண்டிய அழுத்தம் குறையும். அதனால் அதே பேட்டரியிலிருந்து இன்னும் அதிக ஓட்டம் பாயும், மேலும் சூடேறும். கரையில் விழுந்த சிறு உடைப்பை நீரே அரித்துப் பெரிதாக்குவது போலத்தான் இதுவும். முடிவில் விளக்கு கருகிவிடும். ஆகவே எல்.இ.டி.க்குத் தேவை அழுத்தக் கட்டுப்பாடு மட்டுமல்ல, ஓட்டக் கட்டுப்பாடும் ஆகும்.

நேரடி இணைப்பு ஏன் கூடாது?

சில மலிவு டார்ச்சுகளில் மூன்று சாதாரணக் கட்டைகளை நேரடியாக எல்.இ.டி.யில் இணைத்திருப்பார்கள். அது எரிவதற்குக் காரணம், சாதாரணக் கட்டையின் உள்ளேயே மின்தடை அதிகம். அதுவே ஓட்டத்தை அடக்குகிறது. அதே டார்ச்சில் தரமான புதிய கட்டைகளைப் போட்டால் உள்தடை குறைந்து ஓட்டம் பெருகும். 'நல்ல பேட்டரி போட்டேன், விளக்கு போய்விட்டது' என்று கிராமங்களில் சொல்லப்படுவதன் காரணம் பல நேரம் இதுவே.

இதைத் தவிர்க்க பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் இடையில் ரெசிஸ்டர் எனப்படும் மின்தடையைச் சேர்க்க வேண்டும். இது மதகில் அடைப்பலகை போட்டு நீரை அளந்து விடுவது போன்றது.

தேவையான பொருட்கள்

1. அலுமினிய வில்லையில் பொருத்திய 1 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்று.
2. பென்சில் கட்டை அளவுள்ள, மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டைகள் நான்கு (2000 மில்லி ஆம்பியர் மணி).
3. நான்கு கட்டைகள் வைக்கும் பெட்டி.
4. 8.2 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று.
5. 500 மில்லி ஆம்பியர் பியூஸும் அதன் கூடும்.
6. சுவிட்ச், ஒயர், 5 செ.மீ. சதுர அலுமினியத் தகடு (2 மி.மீ. கனம்), சிறிது வெப்பப் பசை.

இவை யாவும் நகரங்களில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

ரெசிஸ்டர் கணக்கு

கணக்கு எளியது. பேட்டரியின் வோல்ட்டிலிருந்து எல்.இ.டி.யின் வோல்ட்டைக் கழிக்க வேண்டும். மீதியை வேண்டிய ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும்.

ஒரு கட்டை 1.2 வோல்ட், நான்குக்கு 4.8 வோல்ட். எல்.இ.டி. எடுத்துக்கொள்வது 3.1 வோல்ட். மீதி 1.7 வோல்ட். வேண்டிய ஓட்டம் 200 மில்லி ஆம்பியர், அதாவது 0.2 ஆம்பியர். 1.7-ஐ 0.2-ஆல் வகுத்தால் 8.5. கடையில் இதற்கு நெருக்கமாகக் கிடைப்பது 8.2 ஓம்.

இத்துடன் நிறுத்திவிடக் கூடாது. கட்டைகள் புதிதாக சார்ஜ் ஏறியிருக்கும்போது ஒவ்வொன்றும் 1.4 வோல்ட் வரை இருக்கும், நான்குக்கு 5.6 வோல்ட். அப்போது எல்.இ.டி. 3.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 2.4. இதை 8.2-ஆல் வகுத்தால் 0.29 ஆம்பியர், அதாவது 290 மில்லி ஆம்பியர். இது 350 என்ற எல்லைக்குள் இருப்பதால் ஆபத்தில்லை. எப்போதும் பேட்டரி நிறைந்திருக்கும் நிலையை வைத்தே சரிபார்க்க வேண்டும். ஏரி நிறைந்திருக்கும்போதுதான் கரையின் பலம் தெரியும் அல்லவா?

அந்த நிலையில் ரெசிஸ்டரில் ஏறத்தாழ 0.7 வாட் வெப்பம் உண்டாகும். அதனால்தான் 2 வாட் ரெசிஸ்டர் சொல்லப்பட்டது. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் கால் வாட் ரெசிஸ்டர் இதில் கருகிவிடும்.

சார்ஜர் இல்லாதவர்கள் நான்கு சாதாரண ஆல்கலைன் கட்டைகளைப் பயன்படுத்தலாம். புதிய நிலையில் அவை 6.4 வோல்ட் வரை இருக்கும் என்பதால் 8.2 ஓம் போதாது. 10 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும்.

இணைக்கும் முறை

பேட்டரிப் பெட்டியின் பாசிட்டிவ் முனையிலிருந்து முதலில் பியூஸ், அடுத்து சுவிட்ச், அடுத்து ரெசிஸ்டர், பிறகு எல்.இ.டி.யின் பாசிட்டிவ் முனை. எல்.இ.டி.யின் நெகட்டிவ் முனையிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு ஒயர் வர வேண்டும். பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஒயர் நசுங்கி ஒன்றோடொன்று தொட்டாலும் பியூஸ் போய் ஆபத்தைத் தடுக்கும். பியூஸ் இல்லாவிட்டால் இந்தச் சிறு கட்டைகளே பல ஆம்பியர் ஓட்டத்தைத் தந்து ஒயரைப் பழுக்கச் செய்துவிடும். '6 வோல்ட்தானே' என்று அலட்சியம் கூடாது. அது கையில் ஷாக் அடிக்காது; ஆனால் வைக்கோலில் தீ வைக்கும்.

எல்.இ.டி. வில்லையின் அடியில் சிறிது வெப்பப் பசை தடவி, அலுமினியத் தகட்டில் திருகாணியால் இறுக்க வேண்டும். ஒயர் முனைகள் தகட்டில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கை பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதானால் தகட்டின் பின்புறம் வெளிக்காற்றில் இருக்கும்படி அமைக்க வேண்டும். கால் மணி நேரம் எரியவிட்டுத் தகட்டில் விரல் வைத்துப் பார்க்கவும். விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் தகடு போதாது. பெரிய தகடு தேவை.

இவ்வாறு அமைத்த விளக்கு ஒரு முறை நிறைந்த கட்டைகளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். ஓர் இரவுக்கு இது போதும். ஒளி நன்றாக மங்கியதும் அணைத்துவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரை எரிய விட்டால் கட்டைகளின் ஆயுள் குறையும்.

தெளிப்பான் பேட்டரி உள்ளவர்கள்

பேட்டரியில் இயங்கும் மருந்து தெளிப்பான் இப்போது பல வீடுகளில் உள்ளது. பலவற்றில் 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி ஆசிட் பேட்டரி இருக்கும். இதில் மூன்று 1 வாட் எல்.இ.டி.களை ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் வரிசையில் இணைத்து, 15 ஓம், 5 வாட் ரெசிஸ்டரும் 1 ஆம்பியர் பியூஸும் சேர்த்து எரிக்கலாம். ஓட்டம் 200 மில்லி ஆம்பியரை ஒட்டியிருக்கும். பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் இருபது மணி நேரம் ஒளி கிடைக்கும். பாதிக்கு மேல் இறக்குவது ஆசிட் பேட்டரிக்கு நல்லதல்ல.

மருந்து அடித்த தெளிப்பானை வீட்டுக்குள்ளோ சமையல் பக்கமோ கொண்டு வருவது எக்காரணம் கொண்டும் கூடாது. வெளியில் வைத்தே ஒயரை இழுத்துக்கொள்ள வேண்டும்.

லித்தியம் பேட்டரி: எச்சரிக்கை

பழைய செல்போன், லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து விளக்கு செய்வது இளைஞர்களிடையே பரவி வருகிறது. லித்தியம் கட்டை ஒன்றின் அழுத்தம் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, முனைகள் ஒன்றோடொன்று தொட்டாலோ, நசுங்கினாலோ, துளைபட்டாலோ அது சீறிக்கொண்டு தீப்பிடிக்கும். வைக்கோல் போரும் கீற்றுக் கொட்டகையும் உள்ள இடத்தில் இதைக் கொண்டு சோதனை செய்தல் தகாது. லித்தியம்தான் வேண்டும் என்பவர்கள் பாதுகாப்புச் சர்க்யூட்டுடன் கூடிய கட்டையையும் அதற்கென்றே உள்ள சார்ஜரையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. சூரியத் தகட்டிலிருந்து நேரடியாக சார்ஜ் ஏற்றுவதும் கூடாது.

கவனிக்க வேண்டியவை

* புதிய கட்டையையும் பழைய கட்டையையும் கலந்து போடக் கூடாது. வேறு வேறு வகைகளையும் கலக்கக் கூடாது.
* சார்ஜ் செய்யும் வகை அல்லாத சாதாரணக் கட்டைகளைச் சார்ஜரில் போட்டால் வெடிக்கக் கூடும்.
* சும்மா வைத்திருந்தாலும் கட்டைகளின் சார்ஜ் மெல்ல இறங்கும். எனவே மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். அமாவாசைதோறும் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.
* எரியும் எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. சுண்ணாம்பு அடித்த சுவரை நோக்கித் திருப்பிவைத்தால் ஒளி பரவலாகவும் கண்ணுக்கு இதமாகவும் இருக்கும்.
* கொட்டகையில் மாடு எட்டாத உயரத்தில், ஒயர் தொங்காதபடி கட்ட வேண்டும்.
* தீர்ந்த கட்டைகளைக் கிணற்றிலோ எருக்குழியிலோ அடுப்பிலோ போடக் கூடாது. 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட மின்கலக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கடையிலோ சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்கவும்.

பயன்

கன்று ஈனும் நேரத்தில் நீர்க்குடம் உடைந்தபின், கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். ஒரு கால் மட்டும் வந்தாலோ, வால் தெரிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இதைத் தாமதமின்றிக் கண்டறிய நல்ல ஒளி தேவை. பசுவையும் கன்றையும் காப்பாற்றுவது சில வேளைகளில் அந்த அரை மணி நேர முன்னறிவுதான்.

மழைக்காலம் தொடங்குமுன் இவ்விளக்கு ஒன்றைச் செய்து, எரியவிட்டுச் சோதித்து, வீட்டில் அனைவருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். ஒயர் பற்றவைக்கத் தெரியாதவர்கள் ஊரிலுள்ள ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவரிடமோ ஐ.டி.ஐ. படித்த இளைஞரிடமோ இந்தக் குறிப்பைக் காட்டிச் செய்துகொள்ளலாம். யார் செய்தாலும் ரெசிஸ்டர், பியூஸ், அலுமினியத் தகடு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுதல் நலம்.