விரல் முறிந்தால் பார்க்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

கதியால் போடும்போது அலவாங்கு தவறி விரலில் விழும். நீரிறைக்கும் இயந்திரத்தின் பட்டியில் கை அகப்படும். பிள்ளை கதவிடுக்கில் விரலை வைக்கும். இப்படி நசிந்த விரலோடு நிற்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, "விரல் மடங்குது, அப்ப முறியேல்லை" என்பதே. இது பிழையான எண்ணம். எலும்பு வெடித்திருந்தாலும் அதை இழுக்கும் நரம்புக்கயிறு அறுபடாவிட்டால் விரல் மடங்கத்தான் செய்யும்.

சொந்தக் காணியை விட்டு வந்து கூலி வேலையில் சீவிக்கும் குடும்பத்துக்கு மண்வெட்டிப் பிடியை இறுக்கும் கைதான் முதல். ஒரு நாட்கூலி போய்விடும் என்று கவனியாமல் விட்ட விரல், பின்னர் பல மாதக் கூலியைத் தின்றுவிடும்.

அடிபட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது. அடிபட்டது பக்கத்து விரல் என்றாலும் கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பின் மோதிரம் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். சவர்க்காரமோ தேங்காயெண்ணெயோ பூசினால் வழுக்கி வரும். வராவிட்டால் வைத்தியசாலையில் வெட்டி எடுப்பார்கள். தாலி மோதிரம் என்றாலும் விரலைவிடப் பெரிதல்ல.

பின்பு விரலைப் பாருங்கள். எலும்பின் மேல் ஒரே இடத்தில் தொட்டால் கடுமையான நோ, விரல் நுனியை மெதுவாக உள்நோக்கி அழுத்தும்போதும் அதே இடத்தில் நோ, வீக்கம், கன்றிய நிறம் ஆகியவை இருந்தால் முறிவு என்றே எண்ணி நடவுங்கள். நகத்தை அழுத்தி விடுங்கள். வெளிறிய நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ நுனி விறைத்திருந்தாலோ தாமதம் கூடாது.

இனிச் சொல்வதைப் பலர் பார்ப்பதில்லை. நீட்டிய விரல் நேராகத் தெரியலாம். ஆனால் உள்ளே எலும்பு முறுகி நிற்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, நோ தாங்கும் அளவுக்கு விரல்களை மெதுவாக மடிக்கச் சொல்லுங்கள். நல்ல கையில் நான்கு விரல்நுனிகளும் பெருவிரலின் அடிப்பக்கத்தை நோக்கிச் சாயும்; ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. அடிபட்ட விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால், அல்லது அதன் கீழ் நுழைந்தால், முறுகல் உண்டு. மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடியில் சிறிது முறுகினாலும் நுனி அதிகம் விலகும். அப்படியே பொருந்திவிட்டால் கை பொத்தும்போது விரல்கள் ஒன்றோடொன்று சிக்கும்; மண்வெட்டியும் கத்தியும் பிடிக்கு வராது. முதற் சில நாட்களில் வைத்தியர் இதை நேராக்குவது இலகு. எலும்பு கோணலாகப் பொருந்தியபின் அதை வெட்டித் திரும்பப் பொருத்தும் சத்திரசிகிச்சைதான் வழி.

கோணிய விரலை வீட்டில் இழுத்து நேராக்க முயல வேண்டாம். இருந்த நிலையிலேயே தாங்கிக் கட்டிக்கொண்டு போங்கள். நேராக உள்ள, காயமற்ற விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டலாம். இரண்டுக்கும் நடுவே பஞ்சோ மெல்லிய துணியோ வையுங்கள். இல்லையேல் வியர்வையில் தோல் அழுகும். கட்டு மூட்டின்மேல் வராமல் மூட்டுக்கு மேலும் கீழும் வரட்டும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும். துணியில் சுற்றிய ஐஸ், அல்லது குளிர்ந்த நீரில் நனைத்த துணி, பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம்.

தோல் கிழிந்திருந்தால் அது வேறு கதை. சுத்தமான நீரால் கழுவி, சுத்தத் துணியால் மூடி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். சண்டையில் குத்தி மொளியில் பல் பட்ட காயமென்றால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். வாயிலுள்ள கிருமி மூட்டுக்குள் போனால் விரலே போகக்கூடும்.

முறிவு வைத்தியப் பரியாரியிடம் போகலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தை நாம் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்தபின் போங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. யார் கட்டினாலும், கட்டியபின் நுனி நீலித்தாலோ விறைத்தாலோ உடனே தளர்த்த வேண்டும்.

கட்டைக் கழற்றும் நாளும் முக்கியம். சாதாரண விரல் முறிவுக்குப் பொதுவாக மூன்று, நான்கு வாரக் கட்டுப் போதும். பயத்தில் இரண்டு மாதம் கட்டியே வைத்திருந்தால் எலும்பு பொருந்தும், மூட்டு இறுகிவிடும். வைத்தியர் சொன்ன நாளிலிருந்து இளஞ்சூட்டு நீரில் கையை வைத்து, நாளுக்குப் பல தடவை மெதுவாக மடித்து நீட்டுங்கள். பாரமான வேலைக்கு இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பந்து பட்டு, அல்லது பாய் விரிப்பை இழுத்துச் செருகும்போது, விரல் நுனி மட்டும் தொங்கி, தானாக நிமிர முடியாமல் போவதுண்டு. அந்த நுனியை ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாது நேராகவே வைத்துக் கட்ட வேண்டும். கழுவுவதற்குக் கட்டைக் கழற்றினாலும் நுனியை மேசையில் தாங்கிப் பிடியுங்கள். ஒரு தடவை மடங்கினால் முதல் நாளிலிருந்து திரும்பவும் எண்ண வேண்டியதுதான்.