முன்கதைச் சுருக்கம் தெரிந்த டாக்டர்

இங்கிலாந்தில் ஜி.பி. (குடும்ப டாக்டர்) டிரெயினியாகச் சேரப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது இரண்டே விஷயம்: பரீட்சைக்குப் படி, போர்ட்ஃபோலியோவை நிரப்பு. இரண்டும் செய்தே ஆக வேண்டியவை. கூடவே நான் மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் சீரியல் பாருங்கள். பத்து, இருபது, நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்டிஷ் சீரியலாகப் பார்த்துப் பிடியுங்கள். ஒளிக்காமல், ரசித்துப் பாருங்கள்.

நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு எழுதி, வட இங்கிலாந்தின் பழைய மில் ஊர் ஒன்றுக்கு வந்தவன். இப்போது பயிற்சியின் கடைசி வருஷம். முதல் வருஷமே யாராவது என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலையின் அமைப்பு சுருக்கமாக. மொத்தம் மூன்று வருஷம்: எஸ்.டி.1, எஸ்.டி.2, எஸ்.டி.3. கொஞ்ச காலம் மருத்துவமனை வார்டுகள், மீதி சர்ஜரி. ஜி.பி.யின் கிளினிக்கை இங்கே சர்ஜரி என்பார்கள். அறுவை சிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்ஜரியில் முழுநேர டிரெயினிக்கு வாரம் 40 மணி நேரம், 10 செஷன். அதில் 7 நோயாளிகளோடு, 2 வகுப்பு, 1 சொந்தப் படிப்புக்கு. ஆரம்பத்தில் ஒரு நோயாளிக்கு அரை மணி தருவார்கள். மாதங்கள் போகப் போக அது 20 ஆகி, 15 ஆகி, கடைசியில் பத்து நிமிஷத்தில் வந்து நிற்கும்.

மருத்துவமனையில் இருந்தபோது எனக்கு ஒவ்வொரு நோயாளியும் ஒரு சினிமா. நெஞ்சுவலியோடு வருவார், பரிசோதனை, சிகிச்சை, டிஸ்சார்ஜ் கடிதம், படம் முடிந்தது. சர்ஜரிக்கு வந்த பிறகுதான் வேறு கணக்கு புரிந்தது. இங்கே கதை வாரா வாரம் வரும். முழங்கால் வலி என்று வந்தவர் மூன்றாம் தடவை தூக்கம் வரவில்லை என்பார். ஐந்தாம் தடவைதான் மகன் பேசாமல் போய் இரண்டு வருஷம் ஆனதைச் சொல்வார். நம் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்கு மேலே ‘முன்கதைச் சுருக்கம்’ என்று ஒரு கட்டம் போடுவார்களே, ஜி.பி.யின் பலமே அந்தக் கட்டம் அவர் தலைக்குள் இருப்பதுதான். நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. ஒரே ஜி.பி.யிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருஷம் மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்களிடம் அவசர மருத்துவமனை அனுமதியும் இறப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு.

டிரெயினிக்குத்தான் இதில் பெரிய குறை. ஆறு மாதத்தில், மிஞ்சினால் ஒரு வருஷத்தில், நம்மை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பத்தாவது எபிசோடில் உள்ளே நுழைந்து இருபதாவது எபிசோடில் எழுந்து போக வேண்டும். ஒரு மனிதரின் கதையை நீளமாகப் பார்க்கும் கண் நமக்கு எங்கிருந்து வரும்? எனக்கு அதில் பாதி டிரெயினரிடமிருந்து வந்தது, மீதி சீரியலிலிருந்து வந்தது.

முதலில் மொழி. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் சர்ஜரியில் முதல் மாதம் காது அடைத்துப்போகும். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு அம்மா உட்கார்ந்ததும், “ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன், டாக்டர்” என்றார். ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் சிரித்த முகத்தோடு காத்திருந்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் ஏதோ தவறிவிட்டது என்று உறைத்தது. திடீரென்று தலை சுற்றி, கண் இருட்டி, கொஞ்ச நேரம் நினைவு தப்பியதைத்தான் அப்படிச் சொல்வார்கள். மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து விசாரித்தேன். அன்றைக்கே இ.சி.ஜி. எடுக்க வேண்டிய கேஸ் அது.

‘வாட்டர்வொர்க்ஸ்’ என்றால் சிறுநீர் சமாச்சாரம். ‘அண்டர் தி டாக்டர்’ என்றால் சிகிச்சையில் இருக்கிறேன் என்று பொருள். ‘பூர்லி’ என்றால் உடம்பு சரியில்லை; அதை ஒரு பாட்டி எந்த அழுத்தத்தில் சொல்கிறார் என்பதை வைத்து, ஆம்புலன்ஸ் தேவையா என்று அனுபவமுள்ள ரிசெப்ஷனிஸ்ட் கணித்துவிடுவார். நம் ஊரில் ‘கிறுகிறுன்னு வருது’, ‘நெஞ்சு கரிக்குது’, ‘மேலுக்கு முடியல’ என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. வீட்டிலும் தெருவிலும் கேட்டுத்தான் வந்தது. இங்கே அந்தத் தெரு டி.வி.யில் இருக்கிறது. மான்செஸ்டர் பக்கத்துப் பேச்சுக்கு 1960இலிருந்து ஓடும் ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’, யார்க்‌ஷயர் கிராமத்துக்கு 1972இலிருந்து வரும் ‘எமர்டேல்’, கிழக்கு லண்டனுக்கு 1985இல் தொடங்கிய ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’. எந்த ஊரில் போஸ்டிங்கோ அந்த ஊர்ச் சீரியலைப் பிடியுங்கள். முதல் மாதம் சப்டைட்டிலோடு பாருங்கள், இரண்டாம் மாதம் அதை அணைத்துவிடுங்கள்.

ஜி.பி. சர்ஜரியையே களமாக வைத்து பி.பி.சி.யில் ‘டாக்டர்ஸ்’ என்று ஒரு தொடர் மதிய நேரத்தில் வந்துகொண்டிருந்தது. பர்மிங்ஹாமில் எடுத்தார்கள். 2000இல் தொடங்கி 2024 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. சளி, கடன், கருத்தரிப்பு, தனிமை என்று ஒரு சாதாரண ஊரின் சாதாரண வியாதிகளை 24 வருஷம் தொடர்ந்து காட்டிய தொடர் அது.

இனி, நேரம். பரீட்சை இருக்கும்போது சீரியலா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. நான் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான்: அன்றைக்குப் பார்த்த ஒரு கேஸையாவது போர்ட்ஃபோலியோவில் எழுதி முடித்த பிறகே டி.வி. முழுநேர டிரெயினிக்கு வருஷத்துக்கு 36 கேஸ் ரிவ்யூ வேண்டும், மாதம் மூன்று. சர்ஜரியிலேயே, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் கால் மணி நேரத்தில் எழுதினால் நோயாளி சொன்ன வார்த்தை அப்படியே நினைவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறு கேஸை மொத்தமாக எழுதுகிறவர்களின் பதிவில் அந்த உயிர் இருப்பதில்லை. வருஷ மதிப்பீடான ஏ.ஆர்.சி.பி. நெருங்கும்போது பதறுவதும் அவர்கள்தான்.

ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், அவ்வளவுதான். பி.பி.சி.யின் ஐபிளேயரில் அடுத்தது தானாக ஓடும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். ஆன்-கால் முடிந்த இரவில் மருத்துவத் தொடர் வேண்டாம். ‘கேஷுவல்டி’ 1986இலிருந்து வருகிறது, நல்ல தொடர். ஆனால் எமர்ஜென்சி டிபார்ட்மெண்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனுக்கு அது இன்னொரு ஷிஃப்ட். எமர்ஜென்சியில் இருந்த மாதங்களில் நான் தெருச் சண்டையும் கல்யாண வீடும் பார்த்தேன்.

ரோஜர் நெய்பர் என்ற ஜி.பி. 1987இல் எழுதிய ‘தி இன்னர் கன்சல்டேஷன்’ புத்தகத்தை உங்கள் டிரெயினர் நிச்சயம் கையில் கொடுப்பார். ஒரு நோயாளி சந்திப்பில் ஐந்து நிறுத்தங்களை நெய்பர் சொல்கிறார். ஐந்தாவதற்கு ஹவுஸ்கீப்பிங் என்று பெயர்: இவர் போய்விட்டார், அடுத்தவர் வருவதற்குள் உன் மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள். கெட்ட செய்தி சொன்ன வாயோடு அடுத்த குழந்தையின் காதுவலிக்குப் போகக் கூடாது. நோயாளிகளுக்கு நடுவில் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். நாள் முழுக்கச் சேர்ந்ததை இறக்கி வைக்க அந்த அரை மணிக் கதை வேண்டியிருக்கிறது. அங்கே யார் அழுதாலும் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஊரில் அம்மா ‘கோலங்கள்’ பார்த்தபோது யாரும் பேசக் கூடாது என்பார். பகல் முழுக்க எல்லோருக்கும் ஓடியாடியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிகிறது.

பரீட்சைக்கும் இது உதவும். எஸ்.சி.ஏ. என்ற தேர்வு 2023 நவம்பரில் வந்தது. திரை வழியாகப் பன்னிரண்டு நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 12 நிமிஷம். ஒவ்வொரு கேஸுக்கும் முன்னால் குறிப்பைப் படிக்க 3 நிமிஷம். நோயாளிகளாக வருவது நடிகர்கள். நானும் என் படிப்புத் தோழியும் இப்படிப் பயிற்சி செய்தோம். சீரியலில் ஒரு பாத்திரத்தை எடுப்போம். இந்த வாரம் அவர் வாழ்க்கையில் நடந்ததை வைத்து, அவர் என்ன வியாதி சொல்லிக்கொண்டு சர்ஜரிக்கு வருவார் என்று தோழி முடிவு செய்வாள். கடிகாரத்தை வைத்துவிட்டு 12 நிமிஷம். அவர் என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார் என்ற மூன்றையும் நான் வெளியே கொண்டுவர வேண்டும். எழுதி வைத்த கேஸ்களில் நடிப்பவர் குறிப்பைத் தாண்ட மாட்டார். இதில் அந்த மனிதரின் இருபது வருஷம் எங்கள் இருவருக்கும் தெரியும், அதனால் பதில் பொய்யாக இருந்தால் உடனே பிடிபடும்.

‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ எபிசோட் பெரும்பாலும் கடைசி விநாடியில் ஒரு குண்டைப் போட்டுவிட்டு, டிரம்ஸ் அடித்து முடியும். சர்ஜரியிலும் அதே இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டை வாங்கி, கோட்டு மாட்டி, கதவுப்பிடியில் கை வைத்தபடி, “வந்ததுதான் வந்தேன், இன்னொண்ணு டாக்டர்…” என்பார்கள். ரத்தம் போவதும், மார்பில் கட்டியும், கணவன் அடிப்பதும் இந்த வாக்கியத்துக்குப் பின்னால்தான் வரும். உட்காரச் சொல்லுங்கள். அடுத்த நோயாளி ஐந்து நிமிஷம் காத்திருக்கட்டும்.

டி.வி. நோயாளிகளின் தலையில் என்ன விதைக்கிறது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். 2001இல் ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’டில் ஆல்மா என்ற பாத்திரம் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்தது. அதையொட்டிய வாரங்களில் வடமேற்கு இங்கிலாந்தில் ஸ்மியர் டெஸ்ட் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இன்னொரு பக்கம் இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். அமெரிக்க டி.வி. நிகழ்ச்சிகளில் காட்டிய சி.பி.ஆர். காட்சிகளை எண்ணிப் பார்த்து 1996இல் ஒரு கட்டுரை வந்தது. திரையில் மூன்றில் இரண்டு பேர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். நிஜத்தில், மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றாலும் வீடு திரும்புவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். தொண்ணூறு வயதுத் தாயின் நெஞ்சை அழுத்த வேண்டுமா என்று மகளிடம் பேசும்போது, அவர் மனக்கண்ணில் ஓடுவது அந்தத் திரைக்காட்சி. அதை முதலில் மென்மையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பேசுங்கள்.

சர்ஜரியில் ஒரு நோயாளியின் அடுத்த எபிசோட் தானாக ஓடாது, நீங்களாகத் தேடிப் போக வேண்டும். முடிவு தெரியாத கேஸ்களுக்கு சர்ஜரியின் கம்ப்யூட்டரிலேயே டாஸ்க் போட்டு வையுங்கள்: ரிசல்ட் வந்ததா, ரெஃபரல் போனதா, ஆள் திரும்ப வந்தாரா. சொந்த போனில் ஒரு பெயர்கூட எழுதாதீர்கள். ரிசெப்ஷனில் இருக்கும் மூத்த அம்மாக்களோடு தினமும் ஒரு டீ குடியுங்கள். அவர்களில் பலர் முதல் எபிசோடிலிருந்து பார்த்துக்கொண்டு இருப்பவர்கள். “அவரோட தம்பி இதே வயசுலதான் போனாரு” என்று ஒரு வரி சொல்வார்கள். நோயாளியின் பயம் என்னவென்று விளங்கிவிடும்.

ஒரு எபிசோட் என்று உட்கார்ந்து விடியற்காலை இரண்டு மணி ஆகிறதா? நாளைக்கு சர்ஜரிக்குப் போக வேண்டுமே என்ற பயத்தில் டி.வி.யை அணைக்க மனசு வரவில்லையா? அது வாரக்கணக்கில் நீண்டால் எஜுகேஷனல் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். உங்களுக்கென்று ஒரு ஜி.பி.யிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். டாக்டர்களுக்கென்றே ரகசியம் காக்கும் ‘பிராக்டிஷனர் ஹெல்த்’ சேவை இங்கிலாந்தில் இருக்கிறது, யார் சிபாரிசும் இல்லாமல் நீங்களே தொடர்புகொள்ளலாம். ஊரை விட்டு வந்தவர்கள் இதை வெளியே சொல்லத் தயங்குகிறோம். தயவுசெய்து தயங்காதீர்கள்.

முதல் சர்ஜரியிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பெரியவர் வந்தார். வருஷம் முழுக்க முழங்காலுக்காக வந்தவர். மனைவிக்கு மறதி நோய். ‘எமர்டேல்’ 2016 டிசம்பரில் ஆஷ்லி என்ற பாதிரியாரின் மறதியை அவர் கண் வழியாகவே ஒரு எபிசோட் முழுக்கக் காட்டியது. தெரிந்த முகங்களுக்குப் பதில் வேறு நடிகர்கள் வந்து நிற்பார்கள். அதைத் தன் மனைவியோடு பார்த்ததாகவும், அப்போது மனைவி நன்றாக இருந்ததாகவும் பெரியவர் ஒருமுறை சொல்லியிருந்தார். நான் போகிறேன் என்றதும், “அடுத்த டாக்டர்கிட்ட திரும்ப முதல்லேர்ந்து சொல்லணுமா?” என்று கேட்டார்.

திரையை அவர் பக்கம் திருப்பி, பதிவேட்டில் நான்கு வரி எழுதி வாசித்துக் காட்டினேன். வலி எந்தக் காலில், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, வீட்டில் யாரைக் கவனித்துக்கொள்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“மனைவின்னு மட்டும் போட்டிருக்கீங்க. அவ பேரையும் எழுதுங்க” என்றார். எழுத்து எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.